ரோடும் வரல, ரத்தும் ஆகல: எட்டு வழிச்சாலையும் ஒரு கையெழுத்தும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "போராட்டம், மனு, ஹேஷ்டேக், கோர்ட் கேஸ் இதெல்லாம் பண்ணி நிஜமாவே ஏதாச்சும் மாறுதா? இல்ல, நாமளே நம்ம மனசைத் தேத்திக்கறோமா?"

நல்ல கேள்வி. இதுக்கு நாம வழக்கமா ரெண்டு பதில் வச்சிருக்கோம். ஒன்னு, "மக்கள் நினைச்சா எதுவும் நடக்கும்." இன்னொன்னு, "அவங்க நினைச்சதைத்தான் செய்வாங்க, நீ போய் வேலையைப் பாரு." ரெண்டும் எனக்கு சரியாப் படல. ஒரு அரசாங்கத்து மேலயோ கம்பெனி மேலயோ வெளியிலிருந்து அழுத்தம் ஏறும்போது, அவங்க ஒரே அடியா பணியறதும் இல்ல, ஒரே அடியா மறுக்கறதும் இல்ல. நடுவுல சில படிகள் இருக்கு. நாம நிறைய தடவை நடுப்படியில நின்னுட்டு, ஜெயிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போயிடறோம்.

இதைப் பேச நான் ரொம்ப தூரம் போக வேண்டாம். எங்க ஊரே போதும்.

எங்க ஊர், அந்த ரோடு

நான் அயோத்தியாப்பட்டணம். சேலத்துல இருந்து கிழக்கால ஆத்தூர் போற வழியில இருக்கு. ராமர் பட்டாபிஷேகக் கதையைச் சொல்ற கோதண்டராமர் கோவில் எங்க ஊர்ல ஃபேமஸ். ஊர்லயே ரோடு பிரியும். ஒன்னு வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போகும். இன்னொன்னு குப்பனூர் வழியா மஞ்சவாடி கணவாய் ஏறி அரூர் போகும். அந்த அரூர் ரோட்டுப் பக்கம் நீங்க ஏப்ரல், மே மாசத்துல வந்தீங்கன்னா மாந்தோப்பு வாசனையே உங்களை நிறுத்திடும். சேலத்து மாம்பழம்னு சென்னையில நீங்க வாங்கறதுல ஒரு பங்கு அந்தப் பக்கம் விளைஞ்சதுதான்.

2018-ல அந்தப் பக்கமா ஒரு புது ரோடு அறிவிச்சாங்க. பாரத்மாலா திட்டத்துல சென்னை - சேலம் பசுமை வழிச்சாலை. ஊர்ல எல்லாரும் சொன்ன பேரு எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம்னு அஞ்சு மாவட்டம். சென்னைக்கு ரெண்டே கால் மணி நேரத்துல போயிடலாம்னு சொன்னாங்க.

இங்க ஒரு சட்ட விஷயம் சொல்லியாகணும், இது தெரியாம மத்தது புரியாது. 2013-ல வந்த நிலம் எடுப்புச் சட்டத்துல, நிலம் எடுக்கறதுக்கு முன்னாடி சமூகத் தாக்க மதிப்பீடு பண்ணணும்னு இருக்கு. அதாவது, இந்தத் திட்டத்தால யார் யார் பாதிக்கப்படுவாங்க, இது தேவையான்னு ஊர்ல வந்து கேட்கணும். ஆனா அதே சட்டத்தோட நாலாவது அட்டவணையில 13 சட்டங்களுக்கு விலக்கு கொடுத்திருக்காங்க. அதுல ஒன்னு 1956-ம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். நஷ்டஈடு கணக்கு மட்டும் புதுச் சட்டப்படி வரும். ஊரைக் கேட்கணுங்கற பகுதி வராது. உங்களுக்கு மிஞ்சறது, 3ஏ அறிவிப்பு வந்த 21 நாளுக்குள்ள ஆட்சேபனை எழுதிக் கொடுக்கற உரிமை.

ஆக, சொல்ல வேண்டியதைச் சொல்ல உள்ள இருந்த வாசல் ரொம்பச் சின்னது. அதனால ஜனங்க தெருவுக்கு வந்தாங்க.

நாலு படி

முதல் படி, மிரட்டறது. 2018 ஜூன்ல சர்வேக்கு ஆளுங்க வந்தப்போ கூடவே போலீஸும் வந்துச்சு. வயல்ல கல்லு நட்டாங்க, சில இடத்துல ஜனங்க பிடுங்கிப் போட்டாங்க. வீட்டு மேல கருப்புக்கொடி ஏத்தினாங்க. நடிகர் மன்சூர் அலிகான், சேலத்துல இருக்கற சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷ், மாணவி வளர்மதின்னு வரிசையா கைது. காலத்தையும் ஞாபகம் வச்சுக்கங்க. தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு அந்த மே 22-ம் தேதி. 13 பேர் செத்து ஒரு மாசம்கூட ஆகல. சும்மா நாலு பேர் கூடிப் பேசறதுக்கே வீட்ல பயந்தாங்க.

ரெண்டாவது படி, விலை சொல்றது. "உங்களுக்கு நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும் தெரியுமா?"ன்னு பேச்சு மாறும். தென்னை மரத்துக்கு இவ்வளவு, கிணத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு. நஷ்டஈடு கொடுக்கறது தப்புன்னு நான் சொல்லல, கொடுத்துதான் ஆகணும். ஆனா கவனிங்க, ஜனங்க கேட்டது "இந்த ரோடு எதுக்கு, ஏன் இந்த வழியில?" பதில் வந்தது "எவ்வளவு வேணும்?" கேள்வியையே மாத்திட்டாங்க.

மூணாவது படி, அளவைக் குறைக்கறது. கேஸ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனப்புறம், 2018 ஆகஸ்ட்ல நிலத்துல இருந்து யாரையும் வெளியேத்தக் கூடாதுன்னு இடைக்காலத் தடை வந்துச்சு. அதுக்கப்புறம் திட்டமே கொஞ்சம் இளைச்சுது. எட்டு வழி இப்போதைக்கு ஆறு வழி ஆச்சு. 90 மீட்டர் அகலம் 70 ஆச்சு. காட்டுக்குள்ள போற தூரமும் குறைஞ்சுது. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, ஸ்கோப்பைக் குறைச்சு அதே ரிலீஸைத் தள்ளப் பாக்கறது. இது ஒன்னுமே இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த 20 மீட்டருக்குள்ள வீடு இருந்தவனுக்கு அது பெரிய விஷயம். அழுத்தம் கொடுக்காம இருந்திருந்தா அந்த 20 மீட்டரும் போயிருக்கும்.

2019 ஏப்ரல் 8. உயர்நீதிமன்றம் நிலம் எடுப்பு அறிவிப்பை ரத்து பண்ணுச்சு. சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே வாங்கல, வருவாய் ஆவணத்துல பேரை மாத்தினது தப்பு, திருப்பி உரியவங்க பேருக்கே மாத்துங்கன்னு தீர்ப்பு. எங்க பக்கம் பட்டாசு வெடிச்சாங்க. பத்து நாள்ல நாடாளுமன்றத் தேர்தல். பிரச்சாரத்துக்குச் சேலம் வந்த நிதின் கட்கரி, திட்டம் நடக்கும்னு மேடையிலயே சொன்னார். அந்தக் கூட்டணியில பாமகவும் இருந்துச்சு. அந்தக் கட்சியோட அன்புமணி ராமதாஸ் இதே ரோட்டை எதிர்த்து கோர்ட்டுக்குப் போன மனுதாரர்கள்ல ஒருத்தர். அரசியல்ல அழுத்தம் எப்படிக் கரையுதுன்னு பாக்க இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

அப்புறம் கேஸ் உச்சநீதிமன்றம் போச்சு. 2020 டிசம்பர் 8-ம் தேதி தீர்ப்பு. 3ஏ அறிவிப்பு கொடுக்கறதுக்கு முன்னாடியே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்ல, அந்த அறிவிப்புகள் செல்லும்னு சொன்னாங்க. ஆனா நிலம் சட்டப்படி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வருவாய் ஆவணத்துல பேர் மாத்தினது செல்லாதுன்னும் சொன்னாங்க. வேலை ஆரம்பிக்கணும்னா அனுமதி வாங்கித்தான் ஆரம்பிக்கணும். 2021 பிப்ரவரி 1, மத்திய பட்ஜெட். நிதியமைச்சர் உரையிலயே வந்துச்சு: 277 கிலோமீட்டர் சென்னை - சேலம் சாலை, 2021-22-ல வேலை தொடங்கும்.

தொடங்கல. 2021-22 முடிஞ்சு வருஷங்கள் ஓடிடுச்சு. மஞ்சவாடி பக்கம் போய்ப் பாருங்க, மாந்தோப்பு மாந்தோப்பாத்தான் இருக்கு.

நடுவுல மாநிலத்துல ஆட்சி மாறுச்சு. 2021 ஜூன்ல முதல்வர் ஸ்டாலின், இந்தப் போராட்டத்துல போட்ட கேஸ்களை வாபஸ் வாங்கறோம்னு சட்டமன்றத்துல அறிவிச்சார். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சவங்களுக்கு அது நிஜமான நிம்மதி. ஆனா 2022-ல பொதுப்பணித்துறை அமைச்சர் எ.வ. வேலு, திமுக ரோட்டை எதிர்க்கல, விவசாயிகளைக் கலந்து பேசணும்னுதான் சொன்னோம்ங்கற மாதிரி பேசினதும் ஊர்ல மறுபடியும் வயித்துல புளியைக் கரைச்சுது.

இதுதான் நாலாவது படி. கிடப்புல போடறது.

கிடப்புக்கு யார் வட்டி கட்டறாங்க?

நம்ம வேலையில டிக்கெட் ஒன்னு வந்தா அதை க்ளோஸ் பண்ணலாம், "செய்யப் போறதில்ல"ன்னு எழுதலாம், இல்ல ஹோல்டுல போடலாம். ஹோல்டுல போடறது நமக்கு ரொம்ப வசதி. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நாமளும் எதையும் ஒத்துக்க வேண்டியதில்ல. ஆனா அந்த டிக்கெட்டைப் போட்ட கஸ்டமருக்கு?

எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பா, குப்பனூர்ப் பக்கம் கொஞ்சம் தோப்பு வச்சிருக்கார். சர்வே கல்லு அவர் தோட்டத்து ஓரமாத்தான் விழுந்துச்சு. போன தடவை போயிருந்தப்போ, "பெரியப்பா, அதான் ரோடு வரலையே, இன்னும் என்ன கவலை?"ன்னு கேட்டேன்.

"வரலைன்னு எவன் கண்ணு எழுதிக் குடுத்தான்? வந்தா வருதுன்னு சொல்லட்டும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். மரமெல்லாம் கிழடாயிப் போச்சு. வெட்டிட்டு புதுசா கன்னு வெக்கோணும். வெச்சா காய்ப்புக்கு வர்றதுக்கு நாலஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ளார மறுபடியும் கல்லைத் தூக்கிக்கிட்டு வந்தான்னா?"

மரக்கன்னு மட்டும் இல்ல. போர் போடலாமா, கல்லு வீடு கட்டலாமா, பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு துண்டு நிலத்தை வித்தா யார் வாங்குவாங்க, வாங்கறவன் "அது எட்டு வழிச்சாலை போற இடமாச்சே"ன்னு அடிமாட்டு விலைக்குக் கேட்பானே. இந்த ஒவ்வொரு கேள்வியும் 2018-ல இருந்து அந்த வீட்ல நிக்குது.

நான் இன்னைக்குச் சொல்ல வந்ததே இதைத்தான். கிடப்புல போடறது நடுநிலையான முடிவு மாதிரி தெரியும், ஆனா இல்ல. அரசாங்கத்துக்குக் காத்திருக்கறதுல செலவே இல்ல. ஆட்சி மாறும், அதிகாரி மாறுவார், ஃபைல் அங்கேயே இருக்கும். விவசாயிக்கு ஒவ்வொரு வருஷமும் செலவு. அழுத்தம் கொடுத்தவங்க வயசாகி, களைச்சு, பிரிஞ்சு போற வரைக்கும் அவங்களால காத்திருக்க முடியும். அதனால "நிறுத்து"ங்கற கோரிக்கை பாதி கோரிக்கைதான். மீதிப் பாதி, "நிறுத்தினதை எழுதிக் கொடு."

எழுதி வாங்கினவங்க

அஞ்சாவது படி ஒன்னு இருக்கு. கையெழுத்து. அது கனவு இல்ல, நடந்திருக்கு. மூணு உதாரணம் சொல்றேன்.

முதல் உதாரணம் எங்க மாவட்டத்துலயே அறிவிச்சது. 2020 பிப்ரவரி 9, தலைவாசல்ல நடந்த விழாவுல அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிக்கப் போறோம்னு சொன்னார். மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதிர்ப்பு டெல்டாவுல பல வருஷமா கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அறிவிப்போட நிக்கல, அதே மாசம் சட்டமன்றத்துல சட்டமாவும் ஆச்சு. ஏற்கனவே நடக்கற திட்டங்களை அது தொடலங்கற குறை இருக்கு. ஆனாலும் அது சட்டம். அடுத்து வர்றவர் மாத்தணும்னா சட்டமன்றத்துல எழுந்து நின்னு மாத்தணும். எட்டு வழிச்சாலையை ஆதரிச்ச அதே முதல்வர், அதே சேலம் மாவட்டம். மாந்தோப்புக்குக் கிடைக்காத காகிதம் நெல் வயலுக்குக் கிடைச்சுது.

ரெண்டாவது, டெல்லி. 2021 நவம்பர் 19-ம் தேதி காலையில பிரதமர் மோடி டிவியில வந்து மூணு வேளாண் சட்டத்தையும் வாபஸ் வாங்கறோம்னு சொன்னார். நாமளா இருந்தா அன்னைக்கே லட்டு கொடுத்துட்டு கிளம்பியிருப்போம். அவங்க கிளம்பல. நவம்பர் 29-ல நாடாளுமன்றத்துல ரத்து மசோதா நிறைவேறுற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. அப்பவும் கிளம்பல. மத்த கோரிக்கைகளுக்கு அரசாங்கத்துல இருந்து டிசம்பர் 9-ல கடிதம் வந்தப்புறம்தான் டென்ட்டைப் பிரிச்சாங்க. ஒரு வருஷம் குளிர்லயும் வெயில்லயும் கிடந்தவங்க, கடைசி 20 நாளும் பொறுமையா இருந்தாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பெரிய பாடம்.

மூணாவது, கம்பெனி கதை. திண்டுக்கல்ல ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தோட நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. 2021 ஜனவரியில அங்க வேலை பாத்த ஒரு இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டாங்க. அவங்களோட சூப்பர்வைசர் கைதானார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், தலித் பெண்கள் தலைமையில நடக்கற சங்கம், இதைக் கையில எடுத்துச்சு. அவங்க ஃபேக்டரி கேட்டு முன்னாடி மட்டும் நிக்கல. அங்க தைக்கற துணி எந்த பிராண்டுக்குப் போகுதுன்னு பாத்து, அந்த பிராண்டுகளைக் கேட்டாங்க. 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. எச் அண்ட் எம் சேர்ந்துச்சு, அப்புறம் கேப், பிவிஎச் வந்தாங்க. தொழிலாளிகளே கண்காணிப்பாளரா பயிற்சி எடுத்து, பாலியல் தொல்லைப் புகாரை எழுப்பலாம். ஃபேக்டரி ஒப்பந்தத்தை மீறினா, பிராண்டு வியாபார ரீதியா நடவடிக்கை எடுத்தே ஆகணும். அது பிராண்டோட விருப்பம் இல்ல, சட்டப்படி கட்டாயம்.

அதே 2022 ஜூலைல அமெரிக்க சுங்கத்துறை நாச்சி அப்பேரல் சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. செப்டம்பர்லயே தளர்த்திட்டாங்க. இந்த ஒப்பந்தத்தால நடந்திருக்கற மாற்றங்களைக் காட்ட முடிஞ்சது அதுக்கு ஒரு முக்கியக் காரணம். அதாவது அந்தக் காகிதம் தொழிலாளியை மட்டும் இல்ல, கம்பெனியையும் காப்பாத்துச்சு. வெளி அழுத்தத்தைக் கம்பெனிகள் எதிரியா மட்டும் பாக்க வேண்டியதில்லங்கறதுக்கு இது நல்ல சாட்சி.

எதிர்ப்பக்கமும் பேசிடுவோம்

"நீ லீவுக்கு ஊருக்கு வர்றப்போ ரோடு வேணும்ல?"ன்னு கேட்பீங்க. வேணும். தீபாவளிக்கு முந்தின நாள் உளுந்தூர்பேட்டை ரூட்ல நின்ன யாருக்கும் ரெண்டே கால் மணி நேரங்கறது தேன் மாதிரி இருக்கும். எல்லா ரோட்டையும் எதிர்க்கணும்னு நான் சொல்லல. ரோடு வேணும்னா, அதை நேர்மையா முடிவு பண்ணுங்க. ஏன் இந்த வழி, ஏற்கனவே இருக்கற ரோட்டை அகலப்படுத்தினா ஆகாதான்னு ஊர்ல வந்து பதில் சொல்லுங்க. வேண்டாம்னா, வேண்டாம்னு அரசிதழ்ல போடுங்க.

"ஓட்டு இருக்கே, அதைவிடப் பெரிய அழுத்தம் என்ன?"ன்னும் கேட்கலாம். 2019-ல சேலம் நாடாளுமன்றத் தொகுதியில திமுக ஜெயிச்சப்போ எட்டு வழிச்சாலைதான் காரணம்னு நிறைய பேர் சொன்னாங்க. ரெண்டே வருஷம் கழிச்சு 2021 சட்டமன்றத் தேர்தல்ல சேலம் மாவட்டத்துல 11 தொகுதியில 10 அதிமுக கூட்டணிக்குப் போச்சு. எங்க ஊர்ப் பக்கம் வர்ற ஏற்காடு தொகுதியும் அதுல அடக்கம். ஜனங்க ரோட்டை மன்னிச்சுட்டாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஒரு ஓட்டுல சொந்த ஊர் முதல்வர், சாதி, கூட்டணி, நகைக்கடன், எல்லாத்தையும் சேத்துதான் அமுக்கறோம். பட்டன் ஒன்னு, விஷயம் அம்பது. ஓட்டு ஒரு திட்டத்தைத் தள்ளிப் போட வைக்கும். ரத்து பண்ண வைக்கறதுக்கு வேற வேலை தனியா செய்யணும்.

திண்டுக்கல் வழியும் எல்லா இடத்துக்கும் ஒத்து வராது. அங்க துணி வாங்கற பிராண்டுங்கற ஒரு பிடி இருந்துச்சு. நெடுஞ்சாலைக்கு அப்படி வெளியில ஒரு வாடிக்கையாளர் இல்ல. அங்க பிடி கோர்ட்டுலயும், சுற்றுச்சூழல் அனுமதிக்கு நடத்தற பொதுமக்கள் கருத்துக்கேட்பு கூட்டத்துலயும்தான் இருக்கு. அந்தக் கூட்டத்துக்கு நம்ம மாதிரி படிச்ச பசங்க போறதே இல்ல. தமிழ்ல நாலு வரி மனு எழுதி, ரசீது வாங்கி வைக்க நமக்குத் தெரியும். ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கு நாம செய்யக்கூடிய உருப்படியான உதவி அது.

மூணு கேள்வி

கடைசியா, அடுத்த தடவை "மக்கள் கோரிக்கையை ஏற்று"ன்னு ஒரு செய்தி வந்தா, அது அரசாங்கமா இருந்தாலும் சரி, உங்க கம்பெனியோட ஹெச்ஆர் அனுப்பின மெயிலா இருந்தாலும் சரி, மூணே கேள்வி கேளுங்க.

ஒன்னு, இது எந்தக் காகிதத்துல இருக்கு, யார் கையெழுத்து? மேடைப் பேச்சு, ட்வீட், பேட்டி இதெல்லாம் காகிதம் இல்ல.

ரெண்டு, அவங்க இதை மீறினா அவங்களுக்கு என்ன நஷ்டம்? ஒன்னும் இல்லன்னா, அது வாக்குறுதி இல்ல, ஆறுதல்.

மூணு, இந்த முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்கற செலவு யார் தலையில விழுது? நம்ம தலையிலன்னா, தேதி கேளுங்க.

எங்க பெரியப்பாவுக்கு வேண்டியது ரோட்டைத் திட்டற ஒரு எபிசோடு இல்ல. தைரியமா மாங்கன்னு வைக்கறதுக்கு ஒரு பக்கக் காகிதம். அதுக்கு எங்க ஊர்ப் பசங்க சிலர் சேந்து, அவர் நிலத்தோட சர்வே நம்பர் அறிவிப்புல எந்த நிலையில இருக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு மனு தயார் பண்றோம். பதில் வந்தா இங்கேயே படிச்சுக் காட்டறேன்.

உங்க ஊர்லயும் இப்படி ரோடும் வராம ரத்தும் ஆகாம தொங்கற திட்டம் இருந்தா, ஊர் பேரு, எந்த வருஷம் அறிவிச்சாங்க, கடைசியா என்ன சொன்னாங்க, இந்த மூணை மட்டும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. தனியா ஒரு எபிசோடு போடலாம். அடுத்த வாரம் பாப்போம்.